கொடைக்கானல் மேல்மலை கிராமங்கள்: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏரியைச் சுற்றி, கோக்கர்ஸ் வாக்கில் நடந்து, தூண் பாறையில் படம் எடுத்துக்கொண்டு மறுநாள் இறங்கிவிடுகிறார்கள். ஊரைத் தாண்டி மேற்கே போகும் சாலையில்தான் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்ற ஊர்கள் இருக்கின்றன. சமீப காலமாக அங்கே போகிறவர்கள் அதிகமாகி வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் இவை விவசாயம் செய்து பிழைக்கிற ஊர்கள். சுற்றுலாவுக்காக யாரும் கட்டிவைத்தவை கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் உங்களுக்கும் பயணம் நன்றாக இருக்கும், அங்கே இருப்பவர்களுக்கும் தொந்தரவு இருக்காது. கீழே உள்ள பதில்களையும் அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

மேல்மலை, கீழ்மலை என்கிறார்களே, எது எது?

பழனி மலைத்தொடரை அங்குள்ளவர்கள் இப்படித்தான் பிரித்துச் சொல்வார்கள். கொடைக்கானலும் அதற்கு மேற்கே உள்ள உயரமான ஊர்களும் மேல்மலை. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் அதைவிடக் கொஞ்சம் தாழ்வு, ஆனால் குளிரில் பெரிய வித்தியாசம் தெரியாது. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், கோஸ் விளைகிற பகுதி இது.

கிழக்கே பெருமாள்மலைக்குக் கீழே பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் இறங்கினால் கீழ்மலை. அங்கே காபி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு. தட்பவெப்பமே வேறு. இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்க நினைக்காதீர்கள்.

எந்த மாதம் போகலாம்?

கூட்டம் வேண்டாம் என்றால் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். சீசன் நாட்களில் மலைச்சாலையிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

எனக்குப் பிடித்தது ஜனவரி, பிப்ரவரி. வானம் தெளிந்திருக்கும், பகலில் இளவெயில், தூரத்து மலைகள் வரை தெரியும். ஆனால் இரவில் நல்ல குளிர். பள்ளமான இடங்களில் விடியற்காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஸ்வெட்டர் ஒன்று போதாது. காதை மூடும் குல்லாயும் கெட்டியான காலுறையும் கட்டாயம்.

அக்டோபர் முதல் டிசம்பர் முதல் பாதி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மலை பச்சையாக, ஓடைகள் நிறைந்து, பார்க்க அழகாக இருக்கும். அதே நேரம் மண்சரிவும் மரம் விழுவதும் நடக்கும் காலமும் இதுதான். மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மூடுபனியும் விட்டுவிட்டுப் பெய்யும் மழையுமாக இருக்கும். காட்சி தெரிவது அன்றைய அதிர்ஷ்டம்.

எப்படிப் போய்ச் சேர்வது? இ-பாஸ் வேண்டுமா?

ரயிலில் வந்தால் கொடைரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மேலே ஏறவேண்டும். நிலையத்திலிருந்து கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர். பழனியிலிருந்து வருகிறவர்களுக்கு 64 கிலோமீட்டரில் இன்னொரு மலைச்சாலை இருக்கிறது. இரண்டும் பெருமாள்மலையில் சேரும். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக மூன்றாவது சாலை ஒன்று உண்டு. தூரம் குறைவு என்று செயலி காட்டும். ஆனால் அது குறுகலானது, மழையில் அடிக்கடி சரிவு ஏற்படும் பாதை. மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இந்த முறை நடப்பில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் இ-பாஸ் இணையதளத்தில் வண்டி எண், வரும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் கிடைத்துவிடும். கட்டணம் இல்லை. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கை வரம்பும் போடுகிறார்கள். ஆகவே கிளம்பும் நாளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. வரம்புகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒருமுறை இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

மேல்மலைக்குப் பேருந்து இருக்கிறதா?

இருக்கிறது. கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை பக்கம் அரசுப் பேருந்துகள் போகின்றன. நாளுக்குச் சில நடைகள்தான். திரும்பி வரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருப்பவர்கள் பேருந்திலேயே போங்கள் என்றுதான் சொல்வேன். மூட்டை, உரச்சாக்கு, பள்ளிப் பிள்ளைகள் என்று வண்டி நிறைந்து போகும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் காரில் தெரியாத உயரத்திலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஊரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், எந்தத் தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறார்கள், இந்த வருஷம் பூண்டு என்ன விலை போகிறது என்பது வரை தெரிந்துவிடும்.

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பேரிஜம் எல்லாம் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

வண்டி ஓட்டலாம். பார்க்க முடியாது.

பேரிஜம் வேறு திசையில், காட்டுக்குள் இருக்கிறது. அதற்கு வனத்துறை அனுமதியும் ஒரு காலைப் பொழுதும் வேண்டும். மேல்மலைச் சாலையில் பூம்பாறை சுமார் 18 கிலோமீட்டர், மன்னவனூர் ஏறக்குறைய 35. பூம்பாறையைத் தாண்டியபின் ஒரு பிரிவு கூக்காலுக்குப் போகிறது, மற்றது மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாகக் கிளாவரைக்குப் போகிறது. எண்ணைப் பார்த்தால் பக்கம் போலத் தெரியும். வளைவும் மூடுபனியும் எதிரே வரும் காய்கறி லாரியும் சேர்ந்தால் 20 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

ஒரு நாள் மட்டும் இருந்தால் பூம்பாறையும் மன்னவனூரும் போதும். இரண்டு நாள் இருந்தால் ஓர் இரவு மேல்மலையிலேயே தங்கிவிட்டு, மறுநாள் கூக்கால் போகலாம்.

பூம்பாறையில் என்ன இருக்கிறது? மேலிருந்து பார்த்தால் போதுமா?

ஊருக்கு முன்பே சாலையோரத்தில் ஒரு பார்வையிடம் வரும். அங்கே நின்றால் எதிரே பள்ளத்தில் பூம்பாறை முழுசாகத் தெரியும். நடுவில் நெருக்கமாக வீடுகள், சுற்றிலும் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். பச்சையிலேயே அத்தனை வகை இருக்கும்: பூண்டு ஒரு நிறம், பீன்ஸ் ஒரு நிறம், அப்போதுதான் கொத்திவிட்ட செம்மண் இன்னொரு நிறம். எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

ஊருக்குள் இறங்குங்கள். அங்கே குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. பழனி முருகன் சிலையைப் போலவே இங்குள்ள மூலவரும் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஊராரின் நம்பிக்கை. முருகன் குழந்தை வடிவில் வந்து அருணகிரிநாதரைக் காப்பாற்றியதால் இந்தப் பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். தைப்பூசத்தை ஒட்டி நடக்கும் தேரோட்டத்துக்கு மேல்மலை ஊர்கள் எல்லாம் திரண்டு வரும். இந்த ஊர்களில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் குன்னுவர் மன்னாடியார் சமூகத்தினர். பளியர், புலையர் ஆகிய பழங்குடி மக்களும் இந்த மலையில் நெடுங்காலமாக வாழ்கிறார்கள்.

தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். ஒற்றையடிப் பாதை மாதிரி தெரிவது பாத்தியின் வரப்பாக இருக்கும். நீங்கள் மிதித்தால் மண் சரியும், அடுத்த மழையில் அந்தப் படி அப்படியே கீழ்ப்படியில் விழும். அதைச் சரிசெய்யக் கல் சுமக்கப்போவது அந்த வீட்டுக்காரர்கள்தான். அறுவடை நேரத்தில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்க ஆசைப்பட்டால், "எடுத்துக்கலாமாக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மலைப்பூண்டு வாங்கவேண்டும். எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் சாதாரணப் பூண்டைவிடத் தூக்கலாக இருக்கும். மருந்துக்கு என்றே தேடி வாங்குகிறவர்கள் உண்டு. அறுத்த பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டி, புகை போட்டுப் பதப்படுத்துவது இங்குள்ள பழக்கம். அப்படிச் செய்தால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், விதைப்பூண்டாகவும் எடுத்து வைக்கலாம்.

பூம்பாறையிலோ மன்னவனூரிலோ விவசாயி வீட்டிலேயே வாங்குவது நல்லது. நகரத்துச் சுற்றுலாக் கடைகளில் மலைப்பூண்டு என்று விற்பதெல்லாம் இந்த மலையில் விளைந்ததாக இருக்கும் என்ற உறுதி இல்லை. விலை கூடுதலாக இருக்கிறதே என்று பேரம் பேசத் தோன்றும். மழை, பனி, காட்டுமாடு, விலைச்சரிவு எல்லாவற்றையும் தாண்டி வந்த பூண்டு அது. சொன்ன விலைக்கே வாங்குங்கள். மலையிலிருந்து இறங்கும் பூண்டுக்குப் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிதான் பெரிய சந்தை. நிறைய வேண்டுமென்றால் அங்கேயும் பார்க்கலாம்.

மன்னவனூரில் பார்க்க என்னென்ன?

புல்வெளியும் ஏரியும். வனத்துறையின் சூழல் சுற்றுலா மையம் ஏரிக்கரையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு, பரிசலில் போகலாம். ஏரியைச் சுற்றியுள்ள புல்மேடுகளில் நடந்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். வாரநாளில் காலையிலேயே போனால் காற்றுச் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது ஆட்டுப்பண்ணை. மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இங்கே இயங்குகிறது. கம்பளிக்காக வளர்க்கும் பாரத் மெரினோ ஆடுகளையும் இறைச்சிக்கான முயல் இனங்களையும் பராமரிக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆராய்ச்சி நடக்கும் இடம் என்பதால் அவர்கள் அனுமதிக்கும் பகுதியில், அனுமதிக்கும் நேரத்தில் மட்டும் பாருங்கள். ஆடுகளுக்குத் தின்பண்டம் கொடுக்கவே கூடாது.

கூக்கால் ஏரி?

மேல்மலையில் நான் அதிகம் நேசிக்கும் இடம் இதுதான். ஊரை ஒட்டி ஏரி, அதன் ஒரு பக்கம் சோலைக்காடு, மறுபக்கம் தோட்டங்கள். காலையில் ஏரி மேல் பனி எழும்பிப் போவதைப் பார்க்கவேண்டும் என்றால் ஊரிலேயே தங்கவேண்டும். படகுத்துறை, கடைத்தெரு என்று எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு டீக்கடையும் அமைதியும் போதும் என்பவர்களுக்கான இடம்.

போகும் வழியில் குண்டுப்பட்டி என்ற ஊர் வரும். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய ஊர் அது. ஒரு மலையிலிருந்து பிடுங்கி இன்னொரு மலையில் நட்ட வாழ்க்கை அவர்களுடையது. இந்த மலையின் வரலாற்றில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன்.

பேரிஜம் ஏரிக்கு அனுமதி எப்படி வாங்குவது?

பேரிஜம் முழுக்க வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதி வாங்கித்தான் போகமுடியும். ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைத்தான் விடுவார்கள். காலையில் சீக்கிரம் போகவேண்டும், மாலைக்குள் வெளியே வந்துவிடவேண்டும். யானை நடமாட்டம் இருந்தாலோ மழை கனத்தாலோ காட்டுத்தீ அபாயம் இருந்தாலோ முன்னறிவிப்பில்லாமல் மூடிவிடுவார்கள். அப்போது சோதனைச்சாவடியில் நின்று வாதாடிப் பயனில்லை.

வழியில் தொப்பி தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை, அமைதிப் பள்ளத்தாக்கு என்று நிறுத்தங்கள் வரும். ஏரி ஒரு பெரிய கண்ணாடி மாதிரி கிடக்கும். இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது. பெரியகுளத்து மக்கள் குடிக்கும் தண்ணீர் அது.

கிளாவரையிலிருந்து மூணாறு பக்கம் என்கிறார்களே, வண்டியில் போகலாமா?

முடியாது. வரைபடத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் கோவிலூர், வட்டவடை ஊர்கள் கூப்பிடு தூரத்தில் தெரியும். ஆனால் கிளாவரையோடு தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் போன பழைய கொடைக்கானல்–மூணாறு சாலையும் 1990-ல் மூடப்பட்டு இப்போது காட்டுக்குள் கிடக்கிறது. அந்தப் பாதைகளில் அனுமதி இல்லாமல் நுழைவது வனச்சட்டப்படி குற்றம். மூணாறு போகவேண்டுமென்றால் பழனியில் இறங்கி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாகப் போங்கள். அந்தப் பாதையும் அழகுதான்.

அருவிகளில் குளிக்கலாமா?

மேலே குளிக்க ஏற்ற அருவி என்று எதையும் சொல்லமாட்டேன். வட்டக்கானல், பள்ளங்கி, கூக்கால் பக்கத்து ஓடைகளில் பாறை பாசி படிந்து வழுக்கும். மலையின் வேறு பக்கத்தில் மழை பெய்திருந்தால் சத்தமில்லாமல் நீர் ஏறிவிடும். ஒவ்வொரு வருஷமும் செல்ஃபி எடுக்கப்போய் உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிக்கத்தான் வேண்டுமென்றால் கீழே பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை அருவி இருக்கிறது. அங்கே வனத்துறைக் காவல் உண்டு, வெள்ளம் வந்தால் தடுத்துவிடுவார்கள்.

வெறுமனே பார்த்து ரசிக்க, வத்தலக்குண்டு சாலையில் டம்டம் பாறையில் நின்றால் எதிர்மலையில் தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். 975 அடி உயரத்திலிருந்து ஒரே கோடாக விழுகிறது, தமிழ்நாட்டிலேயே உயரமானது. மேலும் ஏறினால் சாலையோரத்திலேயே வெள்ளி அருவி. கொடைக்கானல் ஏரியில் நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே விழுகிறது. அந்த ஏரி 1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடையை மறித்துக் கட்டியது.

வெள்ளகவிக்கு நடந்து போகலாமா?

வட்டக்கானலிலிருந்து செங்குத்தாக இறங்கும் பாதையில் உள்ள சிற்றூர் வெள்ளகவி. கொடைக்கானல் நகரம் உருவாவதற்கு முன்பே இருந்த ஊர். வாகனச் சாலைகள் வருவதற்கு முன் பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக மேலே ஏறியவர்கள் இந்த வழியில்தான் வந்தார்கள். பல தலைமுறைகளாக அரிசி மூட்டையிலிருந்து நோயாளி வரை எல்லாவற்றையும் தோளிலோ குதிரையிலோ சுமந்த மக்கள் வெள்ளகவிக்காரர்கள்.

ஊரில் கோயில்கள் நிறைய. அதனால் ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. நீங்களும் ஊர் எல்லையில் கழற்றிவிடவேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு இந்த நடை ஆகாது, இறங்குவதைவிடத் திரும்பி ஏறுவது கடினம்.

காட்டு நடை எதுவானாலும் வனத்துறை அனுமதியோடு மட்டும் போங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். வழிகாட்டிகளில் பலர் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் என்பதால் நீங்கள் கட்டும் பணம் அவர்களுக்கும் போய்ச் சேர்கிறது.

காட்டுமாடு வந்தால் என்ன செய்வது?

ஒதுங்கி நில்லுங்கள். அவ்வளவுதான், ஆனால் இதைத்தான் பலர் செய்வதில்லை. காட்டுமாடு சாலையோரம் சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு டன் எடை வரை இருக்கும் விலங்கு அது. நெருங்கிப் படம் எடுப்பதும், ஒலிப்பான் அடிப்பதும், விசில் அடிப்பதும் ஆபத்து. வண்டியில் இருந்தால் நிறுத்திவிட்டு உள்ளேயே காத்திருங்கள். நடந்து போகும்போது எதிர்ப்பட்டால், முதுகைக் காட்டி ஓடாமல் மெல்லப் பின்வாங்கி மரத்துக்கோ சுவருக்கோ பின்னால் போய்விடுங்கள். கன்றோடு இருந்தால் இன்னும் கவனம்.

கொடைக்கானலைச் சுற்றியுள்ள சுமார் 608 சதுர கிலோமீட்டர் காடு 2013-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சிறுத்தை, கரடி, செந்நாய், மலை அணில் எல்லாம் உண்டு. இருட்டியபின் தனியாக ஊர்ப்பாதையில் நடக்கவேண்டாம்.

குறிஞ்சி எப்போது பூக்கும்?

அடுத்து 2030-ல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. நடுவில் வேறு குறிஞ்சி வகைகள் ஆங்காங்கே பூக்கும். அதைப் பார்த்துவிட்டு நீலக்குறிஞ்சி என்று பகிர்கிறவர்கள் உண்டு.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலைத் தவறவிடாதீர்கள். ஈழத்துச் சைவப் பெரியார் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியும் மேல்நாட்டிலிருந்து வந்து சைவத்தைத் தழுவியவருமான லீலாவதி அம்மையார் 1936-ல் கட்டிய கோயில். தெளிவான நாளில் அங்கிருந்து பழனி மலை தெரியும்.

பைன் காட்டில் படம் எடுப்பது போதாதா? சோலை என்று தனியாக ஏன் போகவேண்டும்?

பைன் மரங்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. யூகலிப்டஸும் வாட்டிலும் அப்படித்தான். வரிசையாக நிற்கும், படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அடியில் குனிந்து பாருங்கள்: காய்ந்த ஊசியிலைகள் தவிர அதிகம் எதுவும் முளைப்பதில்லை.

இந்த மலையின் சொந்தக் காடு சோலை. பள்ளங்களில் அடர்ந்து, குட்டையாக, பாசியும் ஆர்க்கிடும் படர்ந்து நிற்கும். மேடுகளில் புல்வெளி. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது இவை இரண்டும்தான். கீழே வைகைக்கும் அமராவதிக்கும் போய்ச் சேரும் ஓடைகள் பல இந்த மலையில் பிறக்கின்றன. தேனி, திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் நெல்லும் தென்னையும் நிற்பதற்கு இந்தப் புல்லும் சோலையும் காரணம். அந்நிய மரங்களை அகற்றிச் சோலையை மீட்கவேண்டும் என்று இந்த மலையில் பலர் பாடுபடுவது இதனால்தான். ஊருக்குப் பக்கத்திலேயே கரடிச்சோலை இருக்கிறது, அங்கே போனாலே வித்தியாசம் புரியும்.

எங்கே தங்குவது? டென்ட் போடலாமா?

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி பக்கங்களில் வீட்டோடு சேர்ந்த அறைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பதிவு செய்து நடத்தும் இடம்தானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், இரவு சாப்பாடு உண்டா என்பதையும் முன்பே கேளுங்கள்.

அனுமதி பெறாத டென்ட் முகாம்களில் தங்காதீர்கள். காட்டை ஒட்டிப் போட்டிருப்பார்கள், விலங்கு வரும் வழியாக இருக்கும், கழிவறை வசதி இருக்காது. அதிகாரிகள் வந்தால் இரவோடு இரவாகக் காலி செய்யவேண்டிவரும். நெருப்பு மூட்டி ஒலிபெருக்கி வைப்பதும் வேண்டாம். பக்கத்து வீட்டில் இருப்பவர் விடியுமுன் தோட்டத்துக்குப் போகவேண்டியவர்.

சாப்பாடு எப்படி?

மேல்மலையில் பெரிய ஓட்டல்கள் இல்லை. காலையில் இட்லி, தோசை, பணியாரம், மதியம் சோறு என்று சிறு கடைகளில் கிடைக்கும். மதியம் இரண்டரைக்கு மேல் போனால் தீர்ந்திருக்கும். தங்கும் வீட்டில் சொல்லி வைத்தால் அன்று பறித்த பீன்ஸில் பொரியல், பூண்டுக் குழம்பு செய்து கொடுப்பார்கள். அதை விடாதீர்கள். பருவத்தில் பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட் சாலையோரம் விற்பார்கள்.

பெட்ரோலும் ரொக்கமும் கொடைக்கானலிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். கைபேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், பணம் அனுப்பும் செயலியை நம்பி இருக்காதீர்கள்.

அந்தக் 'காளான்' பற்றி…

கேட்கிறவர்கள் இருப்பதால் நேராகச் சொல்கிறேன். போதைக் காளான் சட்டப்படி தடைசெய்யப்பட்ட போதைப்பொருள். வைத்திருந்தால் கைது, வழக்கு என்று போகும். அதோடு, நஞ்சுள்ள காட்டுக் காளானைப் பிரித்தறிய வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மேல்மலை ஊர்களுக்கு இதனால் வந்த கெட்டபெயரை நினைத்து அங்குள்ள பெற்றோர்கள் எவ்வளவு வேதனைப்படுகிறார்கள் என்பதை நேரில் கேட்டிருக்கிறேன். அதைத் தேடி வருவதாக இருந்தால் தயவுசெய்து வராதீர்கள்.

பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகலாமா?

கூடாது. கொடைக்கானலில் தண்ணீர், குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. சோதனைச்சாவடியில் பார்ப்பார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துவாருங்கள். சிப்ஸ் உறை, குழந்தையின் டயப்பர், சானிட்டரி நாப்கின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்துக் கொண்டுபோங்கள். மேல்மலைச் சிற்றூர்களில் குப்பை லாரி தினம் வருவதில்லை. நீங்கள் தொட்டியில் போட்டாலும் காட்டுமாடும் குரங்கும் அதைக் கிளறித் தின்னும்.

முதியவர்கள், சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. மன்னவனூரும் பூம்பாறைக் கோயிலும் அவர்களால் முடியும். வாந்தி வருகிறவர்களை முன்சீட்டில் உட்காரவைத்து, வயிற்றுக்கு லேசாகக் கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். மேல்மலையில் அவசரம் என்றால் பெரிய சிகிச்சைக்குக் கொடைக்கானல், அங்கிருந்து தேனி அல்லது மதுரை என்று நீண்ட தூரம் போகவேண்டியிருக்கும்.

மலையில் வண்டி ஓட்டத் தனியாக ஏதாவது தெரிந்திருக்கவேண்டுமா?

ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடாகிப் பிடிக்காமல் போகும். வளைவில் முந்தாதீர்கள், வளைவில் நிறுத்திப் படமும் எடுக்காதீர்கள். மூடுபனியில் மஞ்சள் விளக்கு உதவும், உயர்வெளிச்சம் கண்ணைத்தான் கூசவைக்கும். மேல்மலைச் சாலையில் இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

கீழ்மலைக்கு எப்போது போகலாம்?

அக்டோபருக்குப் பிறகு நன்றாக இருக்கும். தாண்டிக்குடியில் காபித் தோட்டங்களும், பெருங்கற்காலத்துக் கல்திட்டைகளும் இருக்கின்றன. பெரும்பாறை பக்கம் புல்லாவெளி அருவி. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் மலைவாழை விளைவதும் இந்த மலைச்சரிவுகளில்தான். யானை நடமாடும் பகுதி என்பதால் மாலை நேரத்தில் ஓட்டவேண்டாம்.

ஓர் இரவு மட்டும்தான் இருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?

வாரநாளாகப் பாருங்கள். காலை எட்டு மணிக்குள் கொடைக்கானலை விட்டுக் கிளம்பி, பூம்பாறையில் கோயிலும் ஊரும் பாருங்கள். அங்கேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டு மன்னவனூர் போய், ஏரியிலும் ஆட்டுப்பண்ணையிலும் மதியம் வரை இருங்கள். நான்கு மணிக்குள் கூக்கால் போய்ச் சேர்ந்து தங்கிவிடுங்கள். மறுநாள் விடியலில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் பூண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் கொடைக்கானல் வந்துவிடலாம். கொஞ்சம் நேரம் மிஞ்சினால் 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தையும் பார்க்கலாம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான். பார்வையாளர் நேரம் குறைவு, முன்பே கேட்டுக்கொண்டு போங்கள்.